மூளை, போன், கதை: எங்கள் வாசிப்பு வட்டத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

காரைக்குடியில் மாதம் ஒருமுறை கூடும் சின்ன வாசிப்பு வட்டம் எங்களுடையது. ஒரு பழைய வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேசுவோம். பாங்கில் ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள், இரண்டு மூன்று ஆச்சிமார் என்று கலவையான கூட்டம். தொழில்நுட்பம் நம் மூளையை என்ன செய்கிறது என்று கதைபோலச் சொல்லும் அபுனைவு நூல்களைத்தான் கொஞ்ச காலமாக எடுத்துப் பேசுகிறோம். பெரும்பாலும் ஆங்கில நூல்கள். ஒருவர் படித்துவிட்டு வந்து தமிழில் சொல்வார், மற்றவர்கள் குறுக்கே கேட்பார்கள். புதிதாக யார் வந்தாலும் அதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

கதை மாதிரி எழுதுன அறிவியல் புத்தகம்னா என்னங்க? நாவலா, பாடப்புத்தகமா?

இரண்டும் இல்லை. உண்மையான ஆள், உண்மையாக நடந்த சம்பவம், ஆனால் காட்சி காட்சியாக, அடுத்து என்ன என்ற பதைப்போடு சொல்வது. நடுநடுவே ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நம்மை அழைத்துப்போய், அந்தச் சம்பவத்துக்கு மூளை எப்படிக் காரணம் என்று விளக்குவது. சுஜாதாவின் 'தலைமைச் செயலகம்' மூளையைப் பற்றியதுதான், ஆனால் அது விளக்கும் நூல், அதில் கதாநாயகன் கிடையாது. நாங்கள் படிப்பதில் கதாநாயகன் உண்டு.

நல்ல உதாரணம் நியூயார்க் டைம்ஸ் நிருபர் மேட் ரிக்டெல் 2014இல் எழுதிய 'எ டெட்லி வாண்டரிங்'. 2006இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் காலையில் வேலைக்குக் கார் ஓட்டிப் போகிறான், வண்டி நடுக்கோட்டைத் தாண்டுகிறது, எதிரே வந்த காரில் இருந்த இரண்டு விஞ்ஞானிகள் இறந்துபோகிறார்கள். போனில் மெசேஜ் அனுப்பவில்லை என்கிறான் பையன், போன் கம்பெனிப் பதிவுகள் வேறு சொல்கின்றன. ஒருபக்கம் இந்த வழக்கு, மறுபக்கம் கவனத்தைப் பற்றிய ஆய்வு என்று மாறி மாறிப் போகும் புத்தகம். கீழே பல இடங்களில் இதற்குத் திரும்பி வருவேன்.

ஆராய்ச்சி என்ன சொல்லுதோ அதை நேரா சொல்லிட்டுப் போகலாம்ல? கதை எதுக்கு?

நேராகச் சொல்லிப் பார்த்தோமே. அதே யூட்டாவில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், போன் பேசிக்கொண்டு கார் ஓட்டுபவர்களையும் ரத்தத்தில் 0.08 சதவீதம் மது உள்ளவர்களையும் ஓட்டுநர் பயிற்சிக் கருவியில் உட்கார வைத்து ஒப்பிட்டார். போன்காரர்கள் பிரேக் போடத் தாமதித்தார்கள். மொத்தத்தில் குடித்தவர்களுக்கு ஈடான ஆபத்து என்பது அவர் முடிவு. போனைக் கையில் பிடித்தாலும் காதில் மாட்டினாலும் ஒன்றுதான் என்றும் தெரிந்தது. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த முறை அந்தப் பையனின் கதையைச் சொன்னபோது யாரும் தலையாட்டவில்லை. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை, அப்புறம் ஒருவர் "அவன் பொய் சொன்னானா, நிஜமாவே ஞாபகம் இல்லையா?" என்று கேட்டார். விஷயம் அங்கேதான் இருக்கிறது. தான் செய்ததையே ஒரு மனிதன் எப்படித் தெரியாமல் இருப்பான் என்ற கேள்வியை எந்த வரைபடமும் அப்படிக் கேட்க வைக்காது.

இன்னொரு பலமும் உண்டு. ஆய்வுக் கட்டுரை முடிவை மட்டும் தரும். கதை அந்த முடிவுக்கு வந்த வழியையும் காட்டும். யார் யாரோடு சண்டை போட்டார், எந்தக் கருவி சொதப்பியது, எந்த முடிவை யாரும் நம்பவில்லை என்பதெல்லாம் நல்ல நூலில் இருக்கும். ஆராய்ச்சி என்பது வானத்திலிருந்து விழுவதில்லை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்ப விறுவிறுப்பா இருந்தா நம்பலாம்ங்கிறீங்க?

இல்லவே இல்லை. ஃபினியஸ் கேஜ் கதையைப் பாருங்கள். 1848இல் அமெரிக்காவின் வெர்மான்டில் ரயில் பாதை போடுகையில் வெடிமருந்து வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் நுழைந்து மண்டை வழியாக வெளியே போனது. மனிதர் பிழைத்துக்கொண்டார், ஆனால் குணம் மாறிவிட்டது. இதுவரை பதிவு உண்டு. பின்னால் வந்த புத்தகங்கள் பலவற்றில் அவர் முரடனாக, ஊர்சுற்றியாக, உருப்படாதவராக ஆகிவிடுகிறார். உண்மையில் அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார். ஆறு குதிரை பூட்டிய வண்டியை ஒழுங்கில்லாத ஆள் ஓட்ட முடியாது.

'மூளை கெட்டது, மனிதன் கெட்டான்' என்பது நல்ல கதை, 'மூளை கெட்டது, பிறகு ஓரளவு தேறினான்' என்பது சுமாரான கதை. நல்ல கதைதான் அதிகம் அச்சானது.

ஒருத்தருக்கு நடந்ததை வச்சு எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்லலாமா சார்?

இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கேட்டது. சொல்லக்கூடாது, ஆனால் ஒற்றை ஆள் கதைக்கும் அறிவியலில் மதிப்பு உண்டு. எதை நிரூபிக்க அதைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். சாகும்வரை எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் வெளியுலகில் அறியப்பட்ட ஒருவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக் கோடு வரையச் சொன்னபோது, முந்தின நாள் வரைந்ததே ஞாபகம் இல்லாமல், நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார். ஆக, நினைவு என்பது ஒரே சாமான் இல்லை. இதைக் காட்ட ஒருவர் போதும்.

'இப்படியும் நடக்கலாம்' என்று காட்ட ஒரு ஆள் போதும். 'எல்லாருக்கும் இப்படி நடக்கிறது' என்று காட்டப் போதாது. தொழில்நுட்பமும் மூளையும் பற்றிய நூல்களில் வழுக்கும் இடம் இதுதான். போனுக்கு அடிமையான ஒரு பிள்ளையின் பரிதாபக் கதை ஒரு பக்கம், அடுத்த பக்கத்தில் 'நம் தலைமுறையே'. கதையும் ஆய்வும் சேரும் அந்த ஒட்டில் நின்று, இவர் எப்படி இங்கிருந்து அங்கே தாண்டினார் என்று கேளுங்கள். நான் இந்த நூல்களைப் படிப்பதே இப்போது அந்த ஒட்டுகளைத் தேடித்தான்.

ஸ்கேன் படத்துல மூளை செவப்பா எரியுதே, அது பொய்யா?

பொய் இல்லை, ஆனால் எரிவதும் இல்லை. எஃப்எம்ஆர்ஐ கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை அளக்கிறது. அந்த அளவுகளைக் கணினி புள்ளியியல் கணக்குப் போட்டு நிறமாக்குகிறது. கணக்கில் கவனம் இல்லையென்றால் என்ன ஆகும் என்று காட்ட, கிரெய்க் பென்னெட்டும் சகாக்களும் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, அதற்கு மனிதர்கள் படங்களைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், செத்த மீனின் மூளையும் 'வேலை செய்தது'. 2009இல் வெளியிட்ட இதற்கு 2012இல் இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுக்குத் தருவது) கிடைத்தது.

இதைவிட முக்கியமானது 2008இல் டீனா வைஸ்பெர்க் குழு செய்தது. மோசமான விளக்கம் ஒன்றைக் கொடுத்து, அதில் சம்பந்தமில்லாமல் மூளையைப் பற்றி ஒரு வரி சேர்த்தார்கள். சாதாரண வாசகர்களுக்கு விளக்கம் உடனே நன்றாகத் தெரிந்தது. நரம்பியல் வகுப்பில் படிக்கும் மாணவர்களும் ஏமாந்தார்கள், துறை வல்லுநர்கள் மட்டும் ஏமாறவில்லை. ஆகவே புத்தகத்தில் 'அமிக்டலா', 'முன்மூளைப் புறணி' என்று வரும் வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வாதம் அப்படியே நிற்கிறதென்றால் அந்த வரி வெறும் ஜோடனை.

இன்டர்நெட் நம்ம மூளையையே மாத்திடுச்சாமே?

நிக்கலஸ் கார் 2010இல் எழுதிய 'தி ஷாலோஸ்' பரப்பிய கருத்து. அழகாக எழுதப்பட்ட நூல், எனக்குப் பிடிக்கும். தனக்கு நீண்ட நூல்களைப் படிக்க முடியாமல் போனதைச் சொல்லி ஆரம்பிக்கிறார், படிப்பவர்கள் எல்லாரும் "எனக்கும்தான்" என்கிறோம்.

மூளை மாறும் என்பது உறுதியானது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்தால்தான் லைசென்ஸ். எலினோர் மக்வயர் 2000இல் அவர்களில் 16 பேரை ஸ்கேன் செய்தபோது ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. பெரிதாக இருந்தவர்கள்தான் ஓட்டுநர் ஆனார்களோ என்ற சந்தேகம் எழும் அல்லவா? அதற்காகப் பயிற்சி தொடங்கியவர்களையே பின்தொடர்ந்து 2011இல் இன்னொரு ஆய்வு வந்தது. தேறியவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. சரி, ஆனால் வீணை கற்றாலும் மாறும், சீட்டாடினாலும் மாறும். 'மாறியது' என்பதால் 'கெட்டது' என்று ஆகாது.

நிக்கலஸ் கார் தன் நூலில் எடுத்துக்காட்டும் கேரி ஸ்மாலின் ஆய்வு இதற்குப் பொருத்தம். 55 முதல் 76 வயது வரையுள்ள 24 பேர். இணையத்தில் தேடிப் பழகியவர்களின் மூளையில் தேடும்போது கூடுதல் பகுதிகள் வேலை செய்தன. ஆய்வாளர்களுக்கு இது வயதானவர்களுக்கு நல்ல பயிற்சியாகத் தெரிந்தது. நிக்கலஸ் காருக்கோ ஆழ்ந்து படிக்கவிடாத இடைஞ்சலாகத் தெரிந்தது. ஸ்கேன் ஒன்றுதான்.

கூகுள் வந்தப்புறம் ஞாபக சக்தியே போச்சுன்னு ஆராய்ச்சியில நிரூபிச்சிருக்காங்களாமே அண்ணே?

2011இல் 'சயன்ஸ்' இதழில் பெட்ஸி ஸ்பாரோவும் சகாக்களும் எழுதியது. கணினியில் இருக்கும் என்று தெரிந்தால் நாம் விஷயத்தை நினைவில் வைப்பது குறைகிறது என்பது அவர்கள் வாதம். அதில் பல சோதனைகள் உண்டு. 'சயன்ஸ்', 'நேச்சர்' இரண்டிலும் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை வேறு ஒரு குழு மறுபடி செய்து 2018இல் வெளியிட்டபோது 13தான் தேறின. ஸ்பாரோவின் கட்டுரையிலிருந்து எடுத்த சோதனை தேறவில்லை. அதனால் அவர் சொன்னது பொய் என்று ஆகாது, 'நிரூபித்துவிட்டார்கள்' என்று சொல்ல முடியாது, அவ்வளவே.

அச்சான புத்தகத்தில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும். அபுனைவு நூலுக்குப் பொதுவாக உள்ள கஷ்டம் இது: கதை பழையதாவதில்லை, ஆய்வு பழையதாகிறது. ஆகவே முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

நம்ம கவனம் தங்கமீனைவிடக் குறைஞ்சு எட்டு செகண்டு ஆயிடுச்சாம்ல?

மைக்ரோசாஃப்ட் கனடாவின் 2015 விளம்பர ஆய்வறிக்கையில் வந்து உலகம் சுற்றிய எண். தேடிப் போனவர்களுக்கு அதன் பின்னால் ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை, மீனுக்கும் கிடைக்கவில்லை. இந்த எண்ணை முன்னுரையிலேயே போடும் நூலை மூடிவைக்கலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாத வேறு எண் ஒன்று உண்டு. குளோரியா மார்க் அலுவலகக்காரர்களைக் கவனித்து, ஒரே திரையில் தங்கும் நேரம் 2004இல் சராசரி இரண்டரை நிமிடமாக இருந்தது, பிற்பாடு 47 விநாடி அளவுக்கு வந்தது என்கிறார். இது அளந்த எண். ஆனால் இது நாம் எவ்வளவு அடிக்கடி தாவுகிறோம் என்பதுதான். தாவாமல் இருக்க முடியுமா முடியாதா என்பதை இது சொல்லாது.

ரீல்ஸ் பாத்தா டோபமைன் ஊறுது, அதான் விட முடியலைங்கிறாங்க. சரியா?

பாதி சரி. டோபமைன் 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவது எளிது, அதனால் எல்லாரும் எழுதுகிறார்கள். உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் 1990களில் குரங்குகளை வைத்துக் கண்டது கொஞ்சம் சுவாரசியமானது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்டால் விளக்குக்கே துடிக்கும், சாறுக்குத் துடிக்காது. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால் துடிப்பு அடங்கும். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது சொல்கிறது. கென்ட் பெரிட்ஜ் இன்னும் ஒரு படி போய், ஆசைப்படுவதும் அனுபவித்து மகிழ்வதும் மூளையில் வேறு வேறு என்று காட்டினார்.

பிடிக்காமலேயே ஒருவர் ராத்திரி இரண்டு மணிவரை திரையைத் தள்ளிக்கொண்டிருப்பதற்கு இது நல்ல விளக்கமாகத் தோன்றுகிறது. ஆனால் குரங்கு, சாறு, விளக்கு என்பதிலிருந்து உங்கள் பையன், ரீல்ஸ், பரீட்சை என்பதற்குத் தாண்டுவதும் மேலே சொன்ன அதே ஒட்டுதான்.

எழுதுனவரே புளுகியிருந்தா நமக்கு எப்படித் தெரியும்?

தெரியாமலும் போகலாம். மூளை அறிவியலைச் சுவையாக எழுதுவதில் பெயரெடுத்த ஜோனா லேரர் 2012இல் படைப்பூக்கத்தைப் பற்றி எழுதிய நூலில், பாடகர் பாப் டிலன் சொல்லாத வாக்கியங்களை அவர் சொன்னதாகப் போட்டிருந்தார். ஒரு பத்திரிகையாளர் விடாமல் கேட்டதில் வெளிவந்தது, பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது. கண்டுபிடித்தவர் நரம்பியல் வல்லுநர் இல்லை, டிலனின் பேச்சுகளை நன்றாகத் தெரிந்தவர் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் நன்கு அறிந்த விஷயம் நூலில் எங்காவது வந்தால் அந்தப் பக்கத்தை உரசிப் பாருங்கள். அங்கே தப்பு இருந்தால் தெரியாத பக்கங்களிலும் இருக்கும்.

ரிக்டெலின் நூலை நான் தூக்கிப் பிடிக்கக் காரணமும் இதுவே. அங்கே கதைப் பகுதிக்குப் போலீஸ் பதிவு, போன் பதிவு, கோர்ட் ஆவணம் இருக்கின்றன. வேறு ஒருவர் போய்ச் சரிபார்க்கலாம்.

நம்ம ராமச்சந்திரன் எழுதுனதும் இப்படித்தானா?

நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதால் இந்தக் கேள்வி கொஞ்சம் கோபத்தோடே வரும். துண்டிக்கப்பட்ட கை இருப்பதுபோலவே வலிக்கும் நோயாளிகளுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கை போலக் காட்டி வலியைக் குறைக்கப் பார்த்தவர் அவர். சிலருக்கு நன்றாகவே குறைந்தது. சாண்ட்ரா பிளேக்ஸ்லீயோடு எழுதி 1998இல் வந்த 'ஃபாண்டம்ஸ் இன் த பிரெய்ன்' நூலில் இந்தக் கதைகள் அருமையாக இருக்கும். 'இப்படியும் நடக்கலாம்' வகையில் அசல் சாதனை.

அவரேதான் 2000இல் உயிரியலுக்கு டிஎன்ஏ செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நரம்பணுக்கள் (நாமே ஒன்றைச் செய்யும்போதும் பிறர் அதைச் செய்வதைப் பார்க்கும்போதும் துடிப்பவை) செய்யும் என்றும் சொன்னார். அது அந்த அளவுக்கு நடக்கவில்லை. கிரிகரி ஹிக்கக் 2014இல் அதை மறுத்து ஒரு நூலே எழுதினார். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும். நம்மூர்க்காரர் என்பதற்காக இரண்டாவதை மறைக்கவும் வேண்டாம், முதலாவதைக் குறைக்கவும் வேண்டாம்.

போன்தான் பிள்ளைகளைக் கெடுக்குதுன்னு ஒரு புத்தகம், அப்படி இல்லைன்னு ஒரு கட்டுரை. யாரை நம்புறது?

ஜோனதன் ஹைட் 2024இல் எழுதிய 'தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்' முதல் கட்சி. கேன்டிஸ் ஆட்ஜர்ஸ் 'நேச்சர்' இதழில் எழுதிய விமர்சனம், இரண்டு விஷயங்கள் ஒரே காலத்தில் நடந்ததை வைத்து ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஹைட் சொல்கிறார் என அதைக் குறை சொன்னது. 2019இல் ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 3,55,358 இளையோர் தரவை அலசி, மனநலத்தில் உள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் தொழில்நுட்பப் பயன்பாட்டோடு சேர்த்துப் பார்க்க முடிகிறது, உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு வருகிறது என்றார்கள்.

இங்கேயும் அவசரப்பட வேண்டாம். சராசரி சின்னதாக இருந்தாலும் யாரோ சில பிள்ளைகளுக்குப் பாதிப்பு பெரிதாக இருக்கலாம். உருளைக்கிழங்கு வரியும் ஒரு கதைதான், நம் பக்கம் சாதகமாக இருப்பதால் இனிக்கிறது. என் அபிப்பிராயம், சண்டை இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதும் நூல் எந்தக் கட்சியானாலும் சந்தேகப்படுவேன்.

நம்ம செட்டிநாட்டுக் கதையை வச்சு இப்படி ஒரு புத்தகம் எழுதலாமா?

ஆசைதான். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு எண்சுவடியை ராகத்தோடு ஒப்பிக்க வைப்பார்கள்: முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி என்றால் 80இல் ஒரு பங்கு, மா என்றால் 20இல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களையெல்லாம் பெருக்கி வட்டி சொல்லத் தெரிந்த பையன் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பலேறி, வட்டிக்கடை நடக்கும் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு அடுத்தாள் என்னும் உதவியாளர், அப்புறம் ஏஜெண்டு என்று உயர்வான். வட்டத்து ஆச்சி ஒருவர் தன் அப்பா காலணா வட்டிக் கணக்கை விரலைக்கூட மடக்காமல் சொல்வார் என்பார். இன்று அவர் வீட்டில் பேரன் நாலு முப்பது எவ்வளவு என்று போனில் தட்டிப் பார்க்கிறான். கதை தானாக எழுதிக்கொள்ளும்: கால்குலேட்டர் வந்தது, செட்டிநாட்டு மூளை போனது.

எழுதினால் எங்கெல்லாம் தப்பும் என்பதும் தெரிகிறது. நமக்குச் சொல்லப்படுவது ஜெயித்துப் பெரிய வீடு கட்டியவர்களின் கதை. கணக்கு வராமல் பாதியில் ஊர் திரும்பிய பையனைப் பற்றி எந்த வீட்டு முகப்பிலும் படம் மாட்டவில்லை. அந்தப் பையன்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் அனுப்பப்பட்டார்களா, அனுப்பியதால் கெட்டிக்காரர்கள் ஆனார்களா என்பது டாக்சி ஓட்டுநர் கேள்விதான், இங்கே பின்தொடர ஆளில்லை. பெரியவர் கணக்குச் சொன்னதை மகள் நினைவிலிருந்து சொல்கிறார், பேரேட்டோடு ஒத்துப் பார்த்தவர் இல்லை. அவர்கள் மூளையை யாரும் ஸ்கேனும் செய்யவில்லை. ஆகவே பேரேடுகளையும் கடிதங்களையும் வைத்துப் பயிற்சி எப்படி நடந்தது என்று எழுதலாம், அது நல்ல நூலாகவே வரும். 'நியூரான்' என்ற வார்த்தை அதில் வரத் தேவையில்லை.

அதெல்லாம் சரி தம்பி, பேரன் கையிலருந்து போனைப் பிடுங்கவா வேண்டாமா?

அதே ஆச்சிதான். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதைப் பற்றி இந்த நூல்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை ஆச்சி. ராத்திரித் தூக்கம் கெடுகிறதா, படிப்பு விழுகிறதா என்று நீங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். ஆனால் அவன் தேவகோட்டை ரோட்டில் பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டு போகிறானே, அதைப் பற்றி ஸ்ட்ரேயர் ஆய்வு தெளிவாக இருக்கிறது, கையில் பிடிக்கவில்லை என்பது சாக்கே இல்லை. புறப்படும்போது வாங்கி வண்டிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் ரிக்டெல் நூலின் முதல் சில அத்தியாயங்களைச் சொல்லிக்காட்ட ஞாயிற்றுக்கிழமை அவனை முகப்புக்கு அழைத்து வாருங்கள்.